அசோகர் என்ன மரம் நட்டார்? வரலாற்றுப் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாடநூல் குழுவினருக்கு, வணக்கம்.

போன வாரம் என் மகள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ‘அசோகர் சாலையோரம் மரங்களை நட்டார், கிணறுகளை வெட்டினார்’ என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். நானும் அந்த வயதில் இதே வரியைத்தான் ஒப்பித்தேன். “என்ன மரம்?” என்று கேட்டேன். புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “அதெல்லாம் போடலையேப்பா” என்றாள்.

அசோகர் அதைச் சொல்லியிருக்கிறார். இன்று டெல்லியில் நிற்கும் அவருடைய தூண் ஒன்றில், மனிதருக்கும் விலங்குக்கும் நிழல் தர ஆலமரம் வைத்ததாகவும், மாந்தோப்புகள் போட்டதாகவும் இருக்கிறது. முதலாம் பாறைக் கல்வெட்டு இன்னும் அருமை. அரண்மனைச் சமையலுக்கு முன்பெல்லாம் தினமும் எத்தனையோ உயிர்களைக் கொன்றார்கள். இப்போது இரண்டு மயில், ஒரு மான் மட்டும்தான். அந்த மானும் தினமும் இல்லை. இனி இவையும் கொல்லப்படாது என்கிறார். ஒரே நாளில் விட முடியாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்த ஓர் ஆள் அதில் தெரிகிறார். ‘உயிர்வதையைத் தடுத்தார்’ என்று நீங்கள் சுருக்கியதும் அந்த ஆள் காணாமல் போய்விடுகிறார்.

கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்று பதின்மூன்றாம் கல்வெட்டில் வருந்துகிறார். ஆனால் கலிங்க மண்ணிலேயே, அதாவது இன்றைய ஒடிசாவில், இருக்கும் தௌலி, ஜௌகடா பாறைகளில் அந்தக் கல்வெட்டு இல்லை. அந்த இடத்தில், எல்லா மக்களும் என் பிள்ளைகள் என்று அதிகாரிகளுக்குச் சொல்லும் வேறு கல்வெட்டுகள் இருக்கின்றன. தோற்றவர்களிடம் அதைச் சொல்லக் கூசினாரா, அல்லது காயத்தைக் கிளற வேண்டாம் என்று நினைத்தாரா? வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதாடுமே!

அப்புறம், இதெல்லாம் நமக்குத் தெரியவந்த கதை. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேய அறிஞர் இந்தக் கல்வெட்டுகளின் பிராமி எழுத்துகளைப் படித்தபோது ‘தேவானாம்பிய பியதசி’ என்ற பெயர்தான் கிடைத்தது. முதலில் இலங்கை அரசர் என்றே நினைத்தார். இலங்கையில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி டர்னர், பாலி மொழி நூல்களைப் பார்த்து, அது அசோகர் என்று காட்டினார். அசோகர் என்ற பெயரே பொறித்த கல்வெட்டு 1915-இல்தான் இன்றைய கர்நாடகத்தில் உள்ள மஸ்கியில் கிடைத்தது. துப்பறியும் கதை மாதிரி இருக்கிற இதைப் பாடத்தில் ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

பக்கம் கூடும் என்பீர்கள். சரி, ஆட்சியாண்டுகளை மட்டும் அடுக்கும் அட்டவணைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ பகுதியில் ஒன்றை எடுத்துவிட்டு, ‘தௌலியில் அந்தக் கல்வெட்டு ஏன் இல்லை?’ என்று கேளுங்கள். கீழே நான்கு வரி எழுத இடம் விடுங்கள்.

அன்புடன்,
ஆறாம் வகுப்பு மாணவியின் அப்பா