ஸ்டாண்டு போட்டு மிதிச்சுப் பாருங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழ் மாணவர் பக்கத்துல சைக்கிளையும் நியூட்டனையும் பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. அதுல ஒரு வரி, "நாம் பெடலைக் கீழே அழுத்துகிறோம், அதன் எதிர்வினையால் சைக்கிள் முன்னே செல்கிறது, இதுவே மூன்றாம் விதி." கண்ணாடியைத் துடைச்சுட்டு மறுபடி படிச்சேன், அதேதான் இருந்துச்சு.

கீழ அழுத்தினா எதிர்வினை மேல தானே வரணும்? அது எந்த வளைவுல திரும்பி முன்னாடி போச்சு? அந்த எதிர்வினை என் பாதத்துல விழுறது, சைக்கிள் மேல இல்ல. உங்களுக்குத் தெரியாததா.

எனக்குக் கோவம் வந்ததே பேத்தியாலதான். கட்டுரையைப் படிச்சுட்டு சைக்கிளை டபுள் ஸ்டாண்டு போட்டு ஏறி உக்காந்து மூச்சு வாங்க மிதிச்சிருக்கா. பின்சக்கரம் விர்ருனு சுத்துது, மட்கார்டு தடதடங்குது, வண்டி ஒரு இன்ச் நகரல. "தாத்தா, மிதிக்கிறேன்ல, ஏன் போகல?"ன்னு கேக்குறா. பத்து வயசுப் பொண்ணு போட்டுப் பார்த்த சோதனையை உங்க ஆபீஸ்ல ஒருத்தர் கூடப் போட்டுப் பாக்கலையா?

சக்கரம் தரையைத் தொடல, அதான் போகல. பின்டயர் ரோட்டைப் பின்னாடி தள்ளுது, ரோடு டயரை முன்னாடி தள்ளுது, மூணாம் விதி அங்கதான் இருக்கு. காலும் செயினும் சக்கரத்தைச் சுத்தி விடுற வேலையோட சரி. அந்தத் தள்ளலே உராய்வுதான், ஆனா அதே பக்கத்துல கட்டம் கட்டி "உராய்வு சைக்கிளின் எதிரி"ன்னு போட்டிருக்கீங்க, ரொம்ப நன்றி. எண்ணெய் கொட்டின தரையில ஒருநாள் ஓட்டிப் பாருங்க, எதிரி இல்லாத சுகம் தெரியும்.

இன்னொண்ணும் செஞ்சு பாக்கச் சொல்லுங்க. ஒரு பெடலை அடியில நிறுத்தி, ஒருத்தர் சீட்டைச் சாயாம லேசாப் பிடிச்சுக்க, அந்தப் பெடல்ல கயிறு கட்டிப் பின்பக்கமா இழுக்கணும். முன்னாடி மிதிக்கும்போது அடியில இருக்குற பெடல் பின்னாடிதானே போகும், அதனால வண்டி முன்னாடி போகும்னு தோணும். பின்னாடிதான் வரும். இழுக்குற விசை ரோடு தள்ளுறதை விடப் பெருசு, அவ்வளவுதான்.

இது முதல் தடவையா இருந்தா விட்டிருப்பேன். ரெண்டு வருஷம் முன்னாடி கைரோஸ்கோப் விளைவாலதான், அதாவது வேகமா சுத்துற சக்கரம் தன் அச்சைச் சாய்க்க விடாம எதிர்க்குறதாலதான், சைக்கிள் விழாம நிக்குதுன்னு எழுதினீங்க. 1970லயே டேவிட் ஜோன்ஸ்ங்கிறவர் முன்சக்கரத்துக்கு எதிர்த்திசையில சுத்துற இன்னொரு சக்கரத்தை மாட்டி, அந்த விளைவை இல்லாம ஆக்கிட்டு, ஓட்டியும் காட்டிட்டார். நாம விழாம இருக்குறது முக்கியமா சாயுற பக்கம் ஹேண்டிலைத் திருப்பி, சக்கரத்தை நமக்கு அடியில கொண்டு வர்றதாலதான். சுவரை ஒட்டி ஓட்டிட்டு விலக முடியாம தவிச்சவங்களுக்குப் புரியும், வலது பக்கம் சாயணும்னா முதல்ல ஹேண்டில் ஒரு துளி இடது பக்கம் போயாகணும், அங்க சுவர் நிக்குது, முழங்கை தோல் உரிஞ்சதுதான் மிச்சம். இதையெல்லாம் ரெண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். நீங்க போட்டது, "கட்டுரை சுவாரசியமாக இருந்தது." மரியாதைக்கு எழுதின முதல் வரி சார் அது.

அப்புறம் நீங்க எழுதின அந்த "முன் பிரேக்கைத் தொடவே தொடாதீர்கள்". சின்ன வயசுல இறக்கத்துல முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடிச்சேன், சைக்கிள் நின்னுச்சு, நான் நிக்கல. ஓடுறது ஓடிக்கிட்டே இருக்கும்ங்கிற நியூட்டனோட முதல் விதி முட்டியில இன்னும் தழும்பா இருக்கு. அப்படியும் சொல்றேன், பிரேக் பிடிக்கிறப்ப பாரம் முன்சக்கரத்துக்குப் போகுது, பின்சக்கரம் லேசாகி வழுக்குது, அதனால காஞ்ச ரோட்டுல நல்லா நிறுத்துறது முன் பிரேக்தான். ரெண்டையும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமா, உடம்பைப் பின்னுக்கு வச்சுப் பிடிக்கணும். வேகம் ரெண்டு மடங்கானா, பிரேக் பிடிச்சப்புறம் வண்டி ஓடி நிக்கிற தூரம் நாலு மடங்கு, பிள்ளைங்களுக்கு அதை எழுதியிருக்கலாம்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. படத்துல பெடலுக்குப் பக்கத்துல இருக்குற சிவப்பு அம்புக்குறியை எடுத்துட்டு, பின்டயர் ரோட்டைத் தொடுற இடத்துல முன்பக்கம் பாத்து ஒண்ணு போட்டு அடுத்த இதழ்ல வெளியிடுங்க. அரை இன்ச் போதும். பேத்தி பாத்துட்டே இருக்கா. இந்தத் தடவையாவது "வணக்கம்"கிறதை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டுடாதீங்க.

இப்படிக்கு,
தினமும் சைக்கிள்ல போற ஒரு பழைய வாசகர்