பையும் நானும் மதுரையும்

ஆசிரியருக்கு,

தனியாக ஊர் சுற்றும் பெண்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். துணிச்சல், தன்னம்பிக்கை எல்லாம் சரி. பையை எங்கே வைப்பது என்று அதில் ஒரு வரிகூட இல்லையே!

எனக்கு வயது 61. போன மாதம் விடியற்காலையில் மதுரையில் இறங்கினேன். குளித்து, பையை வைத்துவிட்டு, இரவு ரயில் வரை ஊர் பார்ப்பதாகத் திட்டம். முதலில் ஏறிய லாட்ஜில் ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "கூட யாரும்மா வந்திருக்கா?" யாருமில்லை என்றதும் அட்டை என் கைக்கே திரும்பி வந்தது. "தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் கொடுக்கிறதில்லம்மா." அவர் முதுகுக்குப் பின்னால் பலகையில் பாதிச் சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன. அடுத்த லாட்ஜிலும் இதே கதை. எனக்கே இப்படியென்றால் என் மகள் வயதுப் பெண்களுக்கு என்ன சொல்வார்களோ.

ரயில் நிலையத்துக்கே திரும்பிப் போய்க் குளித்தேன். பை தோளோடு வந்தது.

ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனைதான் இன்றைய காந்தி அருங்காட்சியகம். 1959இல் நேரு திறந்துவைத்தார். சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த துணி, ரத்தக் கறையோடு கண்ணாடிக்குள் இருக்கிறது. அங்கே கொஞ்ச நேரம் அசையாமல் நின்றேன். 1921 செப்டம்பர் 22 அன்று இதே ஊரில், மேலமாசி வீதியில்தான் அவர் அரையாடைக்கு மாறினார். உடுப்பையே குறைத்துக்கொண்ட மனிதர் முன்னால் ஆறு கிலோ மூட்டையோடு நிற்கிறோமே என்று எனக்குச் சிரிப்பும் வந்தது.

ஆட்டோவுக்குக் கொடுத்த பணத்தைச் சொன்னால் வயிறு எரியும், விடுங்கள். திருமலை நாயக்கர் மகால் 1636இல் கட்டியது. ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் அடங்காத தூண்கள். அவற்றில் கைக்கு எட்டும் உயரம் வரை காதலர்கள் ஆணியால் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள். படம் எடுத்துத் தரச்சொல்லி ஒரு கல்லூரிப் பெண்ணிடம் போனை நீட்டினேன். "பாட்டி, பையக் கீழ வைங்க, அப்பத்தான் நல்லா விழும்" என்றாள்.

மத்தியானம் கோயில் நடை சாத்தியிருக்கும் என்பதால் ஜிகர்தண்டா குடித்துப் பொழுதைத் தள்ளினேன். சாயங்காலம் மீனாட்சியம்மன் கோயிலில் செல்போனுக்கு அனுமதி இல்லை. போனையும் பையையும் வெளியே கொடுத்து டோக்கன் வாங்கிய பிறகுதான் தோள் இறங்கியது. பொற்றாமரைக் குளத்துப் படியில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரவு பள்ளியறை பூஜைக்குச் சொக்கநாதரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து அம்மன் சந்நிதிக்குக் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் நின்ற அம்மா, "முன்னால வாங்க, நல்லாத் தெரியும்" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது, தனியாக வரும் பெண்ணுக்கு அரை நாள் அறை கொடுக்கும் இடங்களையும், பையை வாங்கி வைக்கும் இடங்களையும் ஊர்வாரியாகச் சேர்த்துப் போடுங்கள். தை மாதம் தஞ்சாவூர் போகலாம் என்றிருக்கிறேன்.

ஒரு வாசகி,
ஈரோடு