சிலிண்டர் திறக்காத ரிவால்வர்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அம்மாவும் நானும் நலம். சம்பந்தியின் மேசை இழுப்பறையிலிருந்து கிடைத்த ரிவால்வரின் சிலிண்டர், அதாவது தோட்டாக்கள் உட்காரும் சுழலுருளை, திறக்கவில்லை என்று நீ எழுதியதைப் படித்தேன். நீ அனுப்பிய படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை யாரும் அதைத் தொட வேண்டாம். மரச்சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்க்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டதாக எழுதியிருந்தாய். வேண்டவே வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

காரணம் உன் மூன்றாவது படத்திலேயே இருக்கிறது. சிலிண்டரின் பின்முகத்துக்கும் அதற்குப் பின்னாலிருக்கும் இரும்புச் சுவருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரிகிறது அல்லவா? .38 ஸ்பெஷல் தோட்டாவின் அடிவிளிம்பு அந்த இடைவெளியில்தான் உட்கார்ந்திருக்கும். அங்கே இரண்டு இடங்களில் பித்தளை மஞ்சளாகத் தெரிகிறது. அது சுட்டுத் தீர்ந்த வெற்றுக்கூடா, சுடாத தோட்டாவா என்று பக்கவாட்டில் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. ஆகவே அது முழுதாகத் தோட்டா நிரப்பிய துப்பாக்கி என்றே வைத்துக்கொள். முன்பக்கமாக எட்டிப் பார்த்தால் தெரியுமே என்ற யோசனை வீட்டில் யாருக்கும் வரக் கூடாது.

தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஹாமரையும் பின்னுக்கு இழுக்காதே. இழுத்துவிட்டால் அதைத் திரும்ப இறக்கியாக வேண்டும். சிலிண்டர் திறக்காத துப்பாக்கியில் தோட்டாவின் மேல் ஹாமரை இறக்குவது கட்டைவிரலை மட்டும் நம்பிச் செய்கிற வேலை. பேத்தி கைக்கு எட்டாத அலமாரி போதாது. பூட்டுள்ள பெட்டியில் வை, சாவி உன்னிடமே இருக்கட்டும்.

இனி நோய்க்கு வருகிறேன். பக்கத்திலுள்ள பொத்தானை முன்னால் தள்ளினால் அது போகிறது, ஆனால் சிலிண்டர் வெளியே வரவில்லை. பின்பக்கம் இம்மியளவு அசைகிறது, முன்பக்கம் இறுகி நிற்கிறது. நீ எழுதிய இந்த இரண்டு வரி போதும், பாதி வேலையை நீயே முடித்துவிட்டாய். ராணுவப் பட்டறையில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்த காலத்தில் என் கைக்குப் பழகியவை என்ஃபீல்டு, வெப்லி ரிவால்வர்கள். அவை நடுவில் ஒடிந்து திறப்பவை, இந்தக் கோளாறு அவற்றில் வராது. உங்களிடம் இருப்பது ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனத்தின் மிலிட்டரி அண்ட் போலீஸ் ரகம். 1899 முதல் வந்துகொண்டிருக்கும் குடும்பம் அது. 1957 வாக்கில் எல்லா ரகங்களுக்கும் எண் கொடுத்தபோது இதற்கு மாடல் 10 என்று பெயராயிற்று. இதில் சிலிண்டர் இடப்பக்கமாக வெளியே சாயும். மூடியிருக்கும்போது அதை முன்னும் பின்னும் இரண்டு இடத்தில் பூட்டு பிடித்திருக்கும்.

குழலுக்கு அடியில் ஒரு கம்பி தெரிகிறதே, அதுதான் எஜெக்டர் ராடு. வெற்றுக்கூடுகளை வெளியே தள்ளுவது அதன் வேலை. முன்பூட்டும் அதன் நுனியில்தான் இருக்கிறது. குழலின் அடியிலுள்ள சிறு முண்டிலிருந்து ஸ்பிரிங் வைத்த ஓர் ஊசி வந்து ராடின் குழிந்த நுனிக்குள் உட்காரும். நீ பொத்தானைத் தள்ளும்போது சிலிண்டரின் நடுவே ஓடும் மெல்லிய தண்டு முன்னால் போய், அந்த ஊசியை ராடிலிருந்து வெளியே தள்ளும். அப்போதுதான் சிலிண்டர் விடுபடும். ராடு மரை கழன்று கொஞ்சம் முன்னால் நீண்டுவிட்டால்? நடுத்தண்டு ராடின் நுனியை எட்டாது, ஊசி பாதி வழியிலேயே நிற்கும். பின்பூட்டு விடும், முன்பூட்டு விடாது. நீ சொன்ன அறிகுறி அச்சாக இதுதான். எண்ணெய் காய்ந்து கெட்டியானாலும், வெற்றுக்கூடுகளைத் தூக்க சிலிண்டரின் பின்முகத்தில் இருக்கும் நட்சத்திரத் தகட்டின் அடியில் வெடிமருந்துத் துகள் சிக்கினாலும் சிலிண்டர் இறுகும். ஆனால் முன்பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டால் என் சந்தேகம் முதலில் ராடின் மேல்தான் போகும்.

ஏன் கழல்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மெக்கானிக்கல் படித்தவள் நீ, உனக்கும் பிடிக்கும். இந்தச் சிலிண்டர் சுடுபவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். ராடின் நுனியை ஊசி அழுத்திப் பிடித்திருப்பதால் ராடு அந்தச் சுற்றலுக்குச் சற்றுப் பின்தங்கும். பழைய ராடுகளில் இருந்தது வலது மரை, அதாவது ராடின் நுனிப் பக்கமிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகத் திருகும்போது இறுகுவது. அப்படிப் பின்தங்குவது அந்த மரையைத் தளர்த்தும் திசையிலேயே அமைந்துவிட்டது. ஒவ்வொரு சுடலின் அதிர்வும் அதற்குத் துணை போகும். 1961 வாக்கில் நிறுவனம் அதை இடது மரையாக மாற்றியது. அதன் பிறகு அதே சுற்றல் ராடை இறுக்கும் திசைக்கு வந்தது. ஒரு மரையின் திசையைத் திருப்பியதிலேயே குறை தீர்ந்தது. இப்படிப்பட்ட திருத்தங்களைப் பார்க்கும்போது முகம் தெரியாத அந்தப் பொறியாளரின் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றுகிறது எனக்கு.

உங்களுடையது எந்த மரை என்று தெரியாமல் குறடு போட்டால் தளர்ந்ததை மேலும் தளர்த்துவோம், அல்லது மரையைத் தின்றுவிடுவோம். மாடல் எண் பொறித்திருக்கும் இடமோ சிலிண்டரைத் திறந்தால்தான் தெரியும். ஆனால் வெளியிலேயே சாட்சி இருக்கிறது. வலப்பக்கத் தகட்டில் ஹாமருக்கு அருகே மேல் மூலையில் ஒரு திருகு இருந்தால் அது 1955-க்கு முந்தையது. உன் படத்தில் அந்தத் திருகு இல்லை. ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையத்தின் முன்பக்கம் பார், அங்கே ஒரு சிறு திருகு இருக்கிறது. சிலிண்டர் நிறுத்தியின் ஸ்பிரிங்கை அடைத்து நிற்பது அது. 1961-62 வாக்கில் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆக, உங்கள் துப்பாக்கி இந்த இரண்டு மாற்றங்களுக்கும் இடைப்பட்ட காலத்தது. சம்பந்தி போலீஸில் சேர்ந்த புதிதில் வாங்கியது என்று நீ சொன்னதும் ஒத்துப்போகிறது. வலது மரையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் மரை மாறிய பிறகும் அந்த முன்திருகு கொஞ்ச காலம் இருந்தது. அதனால் நூற்றுக்கு நூறு என்று நான் சொல்லமாட்டேன்.

தோட்டா இல்லாத துப்பாக்கியாக இருந்திருந்தால் நீயே செய்துவிடலாம் என்று சொல்லியிருப்பேன். உள்ளே பித்தளை தெரிவதால் உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். நேராகக் கடைக்குள் எடுத்துக்கொண்டு நுழையாதே. முதலில் தொலைபேசியில் கூப்பிட்டு, "சிலிண்டர் திறக்கவில்லை, உள்ளே தோட்டா இருக்கலாம்" என்ற இரண்டையும் சொல். எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று அவரே சொல்வார். நல்ல வேலைக்காரர் என்றால் குழலைப் பாதுகாப்பான பக்கம் வைத்து, ஹாமரைத் தொடாமல், ராடின் சொரசொரப்பான நுனியை விரலால் பிடித்து முதலில் திருகிப் பார்ப்பார். வலது மரை என்றால் பிடிப் பக்கத்திலிருந்து பார்க்கையில் இடஞ்சுழியாகத் திருகினால் இறுகும். பெரும்பாலும் சில சுற்றில் ராடு உள்ளே போய்விடும், பொத்தானைத் தள்ளினால் சிலிண்டர் தானாக வந்துவிடும். நுழைந்ததும் சுத்தியலைத் தேடுகிறவர் என்றால் நன்றி சொல்லிவிட்டு வேறு கடை பார். சுத்தியல் அடியில் சிலிண்டரைத் தாங்கும் இரும்புக் கை வளைந்தால் அறைகள் குழலுக்கு நேராக நிற்காது. அதை நிமிர்த்துவது பெரிய வேலை.

திறந்து, காலியாக்கி, ஆறு அறைகளையும் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு மீதியை நீ வீட்டிலேயே செய்யலாம். ராடைக் கடைசியாக இறுக்குவதற்கு முன் ஆறு அறைகளிலும் வெற்றுக்கூடுகளைப் போடு. நட்சத்திரத் தகட்டை இடத்தில் நிறுத்துபவை ஊசி போன்ற சிறு முளைகள். வெற்று அறைகளோடு இறுக்கினால் முழுப் பாரமும் அவற்றின் மேல் விழுந்து முறிந்துவிடும். கூடுகள் இருந்தால் பாரத்தை அவை வாங்கிக்கொள்ளும். ராடின் மேல் தோல்துண்டைச் சுற்றிக் குறடால் அளவாக இறுக்கு. பிறகு தகட்டைத் தூக்கி அடியில் பழைய பல்துலக்கியால் தேய். உப்புக்கல் அளவுத் துகள் ஒன்று இருந்தாலும் சிலிண்டர் மூடும்போது இடிக்கும். அங்கே எண்ணெயை ஊற்றாதே, துடைத்து உலர்த்தினால் போதும். ராடு வளைந்திருக்கிறதா என்று அறிய, திறந்த நிலையில் சிலிண்டரைச் சுழற்றி நுனியைக் கவனி. நுனி வட்டம் போட்டால் மெக்கானிக்கிடம் திரும்பச் செல்.

அடுத்து, காலியான துப்பாக்கியில் சிலிண்டரை ஒரு விரலால் லேசாகத் தடுத்துப் பிடித்துக்கொண்டு ஹாமரை மெல்ல இழு. ஹாமர் முழுதாக நிற்கும் முன்பே சிலிண்டர் நிறுத்தி பள்ளத்தில் "டக்" என்று விழ வேண்டும். ஆறு அறைகளுக்கும் தனித்தனியே பார். ஏதேனும் ஓர் அறையில் தாமதமானால் சுழற்றும் நெம்புகோலோ பல்லோ தேய்ந்திருக்கிறது. அப்படியே சுட்டால் குண்டு குழலின் விளிம்பில் உரசி ஈயத்தைச் சீவித் தெறிக்கும், பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கு ஆபத்து. ஹாமர் நிமிர்ந்து நிற்கும்போது ட்ரிகரைத் தொடாமல் கட்டைவிரலால் அதை முன்னால் தள்ளிப் பார். விழுந்துவிட்டால் அதைச் சுடக் கூடாது. பிடியின் முன்பக்கம் அடியில் ஒரு திருகு இருக்கும், அது முழுதும் இறுகியிருக்க வேண்டும். ட்ரிகர் இலேசாகட்டும் என்று சிலர் அதைத் தளர்த்திவைப்பார்கள், பிறகு தோட்டா வெடிக்கவில்லை என்று கடையில் போய் நிற்பார்கள்.

பிடியின் அடியில் இருக்கும் எண்ணை எழுதி அனுப்பு. C என்ற எழுத்தில் தொடங்கினால் 1948-க்குப் பிந்தையது, நம் கணக்கோடு பொருந்தும். V என்று மட்டும் தொடங்கினால் உடனே தொலைபேசியில் சொல். அது இரண்டாம் உலகப் போர்க் காலத்து விக்டரி ரகம். 1944-இல் அமெரிக்கப் போர்க்கப்பலின் இரும்புத் தளத்தில் அப்படி ஒன்று விழுந்து வெடித்து ஒரு மாலுமி இறந்துபோனார். அதன் பிறகுதான் ஹாமரைத் தடுக்கும் புதிய தகட்டை உள்ளே வைத்தார்கள். உங்களுடையது அதுவாக இருக்காது, இருந்தாலும் எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது.

உள்ளேயிருந்து வரும் பழைய தோட்டாக்களைச் சுட வேண்டாம், மெக்கானிக்கிடமே கொடுத்துவிடு. புதிதாக வாங்குவதாக இருந்தால் சாதாரண .38 ஸ்பெஷல் மட்டும். 1958-க்கு முன் செய்த இந்த ரகத்தில் அதிக அழுத்தமுள்ள பிளஸ் பி தோட்டா வேண்டாம் என்று நிறுவனமே சொல்கிறது, உங்களுடையது அந்த எல்லைக் காலத்திலேயே நிற்கிறது. அந்தத் தோல் உறையிலும் திரும்பப் போடாதே. பதப்படுத்திய தோல் ஈரத்தை இழுக்கும், படத்தில் குழலின் மேல் தெரியும் செம்புள்ளிகள் அதனால் வந்தவைதான்.

சம்பந்தியோடு நான் பேசியது உன் கல்யாணத்தின்போது மட்டும். மொழி தடையாக இருந்தும் ஆயுதம் என்ற பேச்சு வந்ததும் இருவரும் கைச்சாடையிலேயே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். தன் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதை அலட்சியமாக நடத்த எனக்கு மனம் வரவில்லை. மாப்பிள்ளைக்கும் அப்படித்தான் இருக்கும், அவர் அவசரம் எனக்குப் புரிகிறது.

ஒரு வேலை அவருக்கென்றே வைத்திருக்கிறேன். துப்பாக்கி காலியான பிறகு மரப்பிடியின் திருகைச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரால் பாதி மட்டும் தளர்த்தி, திருகின் தலையை மெல்லத் தட்டச் சொல். எதிர்ப்பக்க மரம் தானாக எழும்பும், நெம்பக் கூடாது. வலப்பக்க மரத்தின் உள்முகத்தில் ஓர் எண் இருக்க வேண்டும். அதுவும் இரும்பில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால், தொழிற்சாலையில் பொருத்திய அதே பிடியைத்தான் சம்பந்தி வேலைக்காலம் முழுதும் பிடித்திருந்தார் என்று அர்த்தம். அதையும் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா