ஆடும் கிராங்க் புல்லியும் தவறான பழுதுபார்ப்பும்: ஒரு புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர் (பெயரும் வண்டி விவரமும் இணைத்துள்ள ஜாப் கார்டு நகல்களில்)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பெல்ட் ஓசைக்காகத் தேவையற்ற பாகங்களை மாற்றியதும், கிராங்க் ஷாஃப்ட் என்னும் எஞ்சினின் முதன்மைத் தண்டின் முனையில் இருந்து பெல்ட்டைச் சுழற்றும் சக்கரமான கிராங்க் புல்லியைத் தவறாகப் பொருத்தி, அந்த முனையைச் சேதப்படுத்தியதும் தொடர்பாக.

ஐயா,

எஞ்சினின் முன்பக்கத்தில் பெல்ட் கீச்சிடுகிறது, அதன் ஓரம் நூல் நூலாகப் பிரிகிறது என்று சொல்லித்தான் என் பழைய பெட்ரோல் காரை உங்கள் பணிமனையில் விட்டேன். பெல்ட்டை மாற்றினீர்கள். ஓசை திரும்பியபோது, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை மாற்றினீர்கள். அதன்பின், பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டரின் பேரிங் தேய்ந்துவிட்டதென்று ஆல்டர்நேட்டரையே மாற்றினீர்கள். புதிய பெல்ட் போட்டதும் சிறிது காலம் அமைதி, பிறகு அதே கீச்சொலி. கடைசியில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பெல்ட் கழன்றது. ஆல்டர்நேட்டர், தண்ணீர் பம்பு, பவர் ஸ்டீயரிங் பம்பு மூன்றையும் இந்த வண்டியில் அந்த ஒரே பெல்ட்தான் சுழற்றுகிறது. பேட்டரி விளக்கு எரிந்தது, ஸ்டீயரிங் கனத்தது, வெப்பமானியின் முள் மேலேறத் தொடங்கியது. எஞ்சினை உடனே நிறுத்தியதால் சிலிண்டர் ஹெட் தப்பியது.

இதைச் சொன்னபோது உங்கள் மேற்பார்வையாளர் தந்த பதில்: "பழைய வண்டி சார், இப்படித்தான் இருக்கும்." வண்டியின் வயது எனக்கும் தெரியும். நான் கேட்டது பழுதின் காரணத்தை.

அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. பெல்ட்டை முழுதாகக் கழற்றிவிட்டு, எஞ்சினைச் சில விநாடிகள் மட்டும் ஓடவிட்டு, பக்கவாட்டிலிருந்து கிராங்க் புல்லியின் விளிம்பைப் பார்த்தேன். ஓயப்போகும் பம்பரம் தலையாட்டுவதைப்போல அது முன்னும் பின்னும் ஆடியது. பெல்ட்டே இல்லாதபோது டென்ஷனரையோ ஆல்டர்நேட்டரையோ குற்றம் சொல்ல வழியில்லை. எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் ஐடிலிங்கிலேயே அந்த விளிம்பு விநாடிக்குப் பதின்மூன்று முறை பெல்ட்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. எந்த பெல்ட்தான் தாங்கும்? மூன்று பாகங்களை மாற்றுவதற்கு முன் இந்த ஒரு பார்வையைச் செலவிட உங்கள் பணிமனையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இன்னொரு சோதனையும் செய்தேன். இந்தப் புல்லி ஒரே வார்ப்பாக இல்லை. உள்ளே கிராங்க்கில் செருகும் குடம், வெளியே பெல்ட் ஓடும் கனமான வளையம், இரண்டையும் பிணைத்து நடுவில் ஒரு ரப்பர் வளையம். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது விநாடிக்கு 100 முறை எரிப்பு நிகழ்கிறது. ஒவ்வொன்றும் கிராங்க் ஷாஃப்ட்டை நுண்ணளவில் முறுக்கிவிடுகிறது. அந்த முறுக்கதிர்வை உள்வாங்கத்தான் ரப்பரும் கனமான வளையமும். ரப்பர் வயதாகி வெடித்தாலோ எண்ணெய் பட்டு ஊதிப்போனாலோ பிணைப்பு விட்டுப்போகும். குடத்திலிருந்து ரப்பரைக் கடந்து வெளிவளையம் வரை ஒரே நேர்க்கோடாக வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டேன். வண்டியைச் சிறிது ஓட்டிவிட்டுப் பார்த்தால் கோடு இரண்டாக உடைந்திருந்தது. வெளிவளையம் குடத்தின்மேல் வழுக்கி நகர்ந்துவிட்டது. அந்தப் புகைப்படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ரப்பர் கெட்டதற்கான காரணத்தையும் உங்கள் ஜாப் கார்டே சொல்கிறது. "முன்பக்க ஆயில் சீலில் சிறு கசிவு" என்று முதல் தடவையே எழுதியிருக்கிறீர்கள். எழுதியதோடு சரி.

இங்கே நீங்கள் கவனிக்காத இன்னொரு கேடும் உண்டு. இந்த எஞ்சினில் இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் பிளக்கில் பொறி தெறிக்கும் நேரம், பார்ப்பதற்கான குறி வெட்டப்பட்டிருப்பது அதே வெளிவளையத்தில்தான். இழுவை போதவில்லை என்று நான் சொன்னபோது உங்கள் ஆள் டைமிங் லைட்டைப் பிடித்து, அந்தக் குறியைப் பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்தார். வளையம் நகர்ந்துவிட்டதால் குறியும் இடம் மாறியிருந்தது. அதன்படி வைத்த டைமிங் எப்படிச் சரியாக இருக்கும்? அன்றிலிருந்துதான் மேடேறும்போது எஞ்சின் தட்டத் தொடங்கியது. முதல் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைக் கண்டு, அப்போது குறி பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்திருந்தால் புல்லியின் பழுது அன்றே வெளிப்பட்டிருக்கும்.

புகைப்படத்தைக் காட்டிய பிறகு புல்லியை மாற்ற ஒப்புக்கொண்டீர்கள். அதோடு விவகாரம் முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்கமாட்டேன். கழற்றிய பழைய புல்லியைக் கேட்டேன். குப்பைக்குப் போய்விட்டது என்றார்கள். புதிய புல்லியும் சில வாரங்களிலேயே ஆடத் தொடங்கியது. இம்முறை கோடு உடையவில்லை, ரப்பர் திடமாக இருந்தது. ஆட்டம் குடத்திலேயே இருந்தது. அதாவது புல்லி நன்றாக இருக்க, அது கிராங்க்கில் உட்கார்ந்திருக்கும் இடம் கெட்டிருந்தது. உங்களிடம் மீண்டும் கொண்டுவர மனம் ஒப்பவில்லை. வேறொரு மெக்கானிக்கிடம் கழற்றிப் பார்க்கச் சொன்னேன்; கழற்றும்போது முழு நேரமும் உடன் இருந்தேன்.

நடு போல்ட் கையளவு விசைக்கே அசைந்தது. அது புதிய போல்ட் இல்லை. பழையதையே திரும்ப மாட்டியிருக்கிறீர்கள். இந்த எஞ்சினின் பழுதுபார்ப்புக் கையேடு, இந்தப் போல்ட்டைக் கழற்றினால் புதியது போட வேண்டும், முதலில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் குறிப்பிட்ட இறுக்கம், அதன்பின் குறிப்பிட்ட கோணத்துக்குத் திருப்பல் என்று சொல்கிறது. இறுக்கும்போது நீண்டு, அந்த நீட்சியின் இழுவிசையால் பிடித்துக்கொள்ளும் வகைப் போல்ட் இது. ஒருமுறை நீண்டதை மறுமுறை நம்ப முடியாது. உங்கள் பணிமனையில் அதை இம்பாக்ட் ரெஞ்சால் அடித்து முறுக்கிய சத்தம் வாடிக்கையாளர் அறை வரை கேட்டது. டார்க் ரெஞ்ச் எடுக்கப்பட்டதற்கான பதிவு ஜாப் கார்டில் இல்லை.

போல்ட் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்கு நான் எழுத வேண்டியிருப்பது விந்தைதான். குடத்துக்கும் கிராங்க்குக்கும் நடுவே பள்ளத்தில் உட்காரும் கீ என்ற சிறு எஃகுத் துண்டின் வேலை, புல்லியைச் சரியான நிலையில் நிறுத்துவது மட்டுமே. சுமையைத் தாங்குவது போல்ட்டின் அழுத்தத்தால் முகத்தோடு முகம் ஒட்டிக்கொள்ளும் உராய்வு. அந்த அழுத்தம் போனதும், ஒவ்வொரு எரிப்பின் அதிர்ச்சியும் நேராகக் கீயின்மேல் விழுகிறது. கீ மழுங்குகிறது, பள்ளத்தின் சுவர் நசுங்கி அகல்கிறது, குடத்தின் துளை தேய்கிறது. இப்போது கீயின் ஒரு பக்கம் படிக்கட்டுப்போல் வெட்டுப்பட்டிருக்கிறது. கிராங்க்கின் பள்ளம் ஒரு புறம் வாய் பிளந்திருக்கிறது. குடத்தின் உட்புறத்தில் சிவந்த துருப்பொடி.

குடம் முதலிலிருந்தே நேராக உட்காரவில்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. கிராங்க் முனையின் தோளில் பழைய துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் துடைக்கப்படாமல் காய்ந்து கிடந்தன. அவ்வளவு மெல்லிய படிவும் போதும், குடம் சாய்ந்து நிற்க. புதிய புல்லியின் முகத்தில் சுத்தியல் பட்ட தழும்புகள் தெளிவாகத் தெரிகின்றன. புல்லியைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் அந்த அடி கிராங்க்கின் வழியே போய் அதன் முன்பின் நகர்வைத் தாங்கும் திரஸ்ட் பேரிங்கில் விழும். இழுத்து ஏற்றுவதற்கென்றே திருகுக் கருவி இருக்கிறது, கழற்றுவதற்குக் குடத்தின் திருகுத் துளைகளில் மாட்டும் புல்லர் இருக்கிறது. அவை உங்களிடம் இல்லையென்றால் அந்த வேலையை ஏற்றிருக்கக் கூடாது. நல்லவேளையாக, கிராங்க்கை நெம்பி டயல் கேஜ் வைத்துப் பார்த்ததில் முன்பின் நகர்வு கையேட்டின் வரம்புக்குள் இருக்கிறது. கிராங்க் முனையிலும் கோட்டம் இல்லை. ஆகவே முனை முன்பே வளைந்திருந்தது என்று நீங்கள் பதில் எழுத இடமில்லை. ஆயில் சீல் மட்டும், ஆடும் குடத்தோடு உரசி மறுபடியும் கசிகிறது.

டைமிங் பெல்ட்டைச் சுழற்றும் கிராங்க் பல்சக்கரமும் இந்த எஞ்சினில் அதே போல்ட்டின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. அது வழுக்கியிருந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போயிருக்கும். உங்களிடமிருந்து வண்டியை எடுத்த பிறகு நான் நெடுந்தூரம் ஓட்டியிருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

என் கோரிக்கைகள் இவை. தேவையின்றி மாற்றிய டென்ஷனருக்கும் ஆல்டர்நேட்டருக்கும், ஆடும் புல்லியால் வீணான பெல்ட்டுகளுக்கும் பெற்ற தொகையைக் கூலியோடு திருப்பித் தரவேண்டும். பழைய ஆல்டர்நேட்டர் இன்னும் உங்களிடம் இருந்தால், அதன் பேரிங்கை வேறொருவர் முன்னிலையில் திறந்து காட்டுங்கள். அது தேய்ந்திருந்தால் அந்தத் தொகையை மட்டும் விட்டுவிடுகிறேன். கிராங்க் முனையைச் சரிசெய்யும் முழுச் செலவையும் நீங்கள் ஏற்கவேண்டும். பள்ளத்தின் சேதம் சிறிதாக இருந்தால் முனையைச் சுத்தம் செய்து, புதிய கீ, புதிய போல்ட், புதிய புல்லி, கூடவே இடைவெளியில் இறுகும் உலோகப் பிணைப்புப் பசை என்று முடிக்கலாம் என்கிறார் மெக்கானிக். பசை ஒட்டுவேலைதான், எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. அளந்து பார்த்து, பள்ளம் அதைத் தாங்காதென்று தெரிந்தால் எஞ்சினை இறக்கி, வெல்டிங் வைத்து லேத்தில் கடைந்து பள்ளம் வெட்டவேண்டும், அல்லது வேறு கிராங்க் போடவேண்டும். எது தேவை என்பதை உங்களோடு தொடர்பில்லாத ஒரு எஞ்சின் லேத் பணிமனை அளவெடுத்துச் சொல்லட்டும்; அதற்கு இருவரும் கட்டுப்படலாம். முன்பக்க ஆயில் சீலும் இம்முறை சேர்த்தே மாற்றப்பட வேண்டும். இல்லையேல் அடுத்த புல்லியின் ரப்பரும் இதே கதிக்கு ஆளாகும்.

கழற்றிய போல்ட், கீ, சுத்தியல் தழும்புள்ள புல்லி மூன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை உங்களுக்கு அனுப்பமாட்டேன். உங்கள் பொறியாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டு நேரில் வந்து பார்க்கலாம், அளக்கலாம், படமெடுத்துக்கொள்ளலாம். வண்டி கழற்றிய நிலையில் அந்த மெக்கானிக்கிடமே நிற்கிறது, உங்கள் பதில் வரும்வரை யாரும் கை வைக்கமாட்டார்கள். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தேவை. தொலைபேசியில் வரும் சமாதானங்களை ஏற்பதற்கில்லை. பதில் இல்லையென்றால் இதே ஆவணங்களோடு நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடம் செல்வேன்.

இணைப்பு: ஜாப் கார்டுகளின் நகல்கள், ரசீதுகள், கோடு உடைந்த புல்லியின் படம், கீ மற்றும் கிராங்க் முனையின் படங்கள், டயல் கேஜ் அளவுக் குறிப்பு.

இப்படிக்கு,
வண்டியின் உரிமையாளர்
(ஒப்பம்)