மண்சட்டியும் ஒற்றை வெளிச்சமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்சட்டி, வெங்காயம், செப்புப் பாத்திரம் என அசையாப் பொருள்களை வரைந்த ‘ஸ்டில் லைஃப்’ ஓவியங்களைப் பழமை மீதான ஏக்கம் என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அது சரியல்ல. அவற்றின் அமைதி வெளிச்சத்தைக் கையாளும் விதத்தால் வருவது.

ஸ்பெயினின் ஹுவான் சான்செஸ் கோட்டான் 1602 வாக்கில் வரைந்த படத்தைப் பாருங்கள். சீமைமாதுளையும் முட்டைக்கோஸும் நூலில் தொங்குகின்றன. கீழே வெட்டிய முலாம்பழம், வெள்ளரிக்காய். பின்னால் வெறும் இருட்டு. அவ்வளவுதான், ஆனால் கண்ணை எடுக்க முடியாது.

வரைபவர்களுக்கு: வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வர வேண்டும். இரண்டு விளக்கு வைத்தால் நிழல் இரண்டாகப் பிரிந்து பொருளின் திரட்சி போய்விடும். நேர்வெயில் விழும் ஜன்னலும் ஆகாது. ஒரு மணி நேரத்தில் நிழல் நகர்ந்துவிடும். மூன்று முதல் ஐந்து பொருள் போதும். வாடக்கூடிய இலைகளை முதலில் தீட்டிவிடுங்கள்.

சட்டி கோணுவது பெரும்பாலும் வாயில்தான். வாய் வளைவின் இரு முனைகளும் கூராகிவிட்டால் சட்டி தட்டையாகிவிடும். கண்மட்டத்துக்குக் கீழுள்ள சட்டியில், அடிவளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

எண்ணெய் வண்ணத்தில் தீட்டும்போது, நிழலுக்கு பர்ன்ட் அம்பர் என்னும் அடர்பழுப்பையும் அல்ட்ராமரின் நீலத்தையும் கலந்தாலே ஆழமான கருமை கிடைக்கும். ஐவரி பிளாக் என்னும் கறுப்பு வண்ணம் மெதுவாகக் காய்வது. அதை அடியில் தடவி, சீக்கிரம் காயும் நிறத்தை மேலே பூசினால் பின்னாளில் வெடிப்பு விடும். எண்ணெய் குறைந்த பூச்சு அடியில், கூடியது மேலே.

மினுக்கம் கடைசி வேலை. படம் கெடுவதும் அங்கேதான். மெருகிடாத சுட்ட மண்ணில் கூர்மையான மினுக்கமே கிடையாது. மெருகிட்ட பீங்கான் வெளிச்சத்தின் நிறத்திலேயே மினுங்கும். செம்பின் மினுக்கத்தில் செம்பு நிறம் ஏறியிருக்கும். மூன்றுக்கும் ஒரே வெள்ளைப் புள்ளி வைப்பதால்தான் செம்பு பிளாஸ்டிக் போலாகிறது. தரையில் விழும் நிழலோ, பொருளை ஒட்டிய இடத்தில் கூர்மையாகவும் விலக விலக மங்கலாகவும் இருக்கும். எல்லா விளிம்பையும் ஒரே கூர்மையில் வரைந்தால் கண் எங்கும் தங்காது, அமைதியும் வராது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள்: இத்தகைய ஓவியங்களை அச்சிடும்போது தெளிவுக்காக இருண்ட பின்புலத்தை வெளுக்க வைக்காதீர்கள், இடம் போதவில்லை என்று ஓரங்களை வெட்டாதீர்கள். பொருளைச் சுற்றியுள்ள வெற்றிடமும் ஓவியர் வரைந்ததுதான்.

இப்படிக்கு,
ஓவியம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்