அக்கா, உங்கள் வலது பக்கம்

அக்கா,

என் சொந்த பார்லருக்கு நேற்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். எந்தத் தெரு என்று இந்நேரம் உங்களுக்குச் சேதி வந்திருக்கும். பாளையங்கோட்டையில் ஒரு கடையின் சாவி கை மாறுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஆவணி முதல் முகூர்த்தத்தில் திறப்பு. நேரில் சொல்லத்தான் இரண்டு தடவை உங்கள் பார்லர் வாசல் வரை வந்தேன். ஒரு தடவை உள்ளே ஃபேஷியல் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை உள்ளே உங்களைத் தவிர யாருமே இல்லை, அதனால்தான் திரும்பிவிட்டேன்.

இதைப் பொதுவில் எழுதியதற்குத் திட்டுவீர்கள். நம் கஸ்டமர்கள் படிப்பார்கள், உங்கள் வீட்டுக்காரரும் படிப்பார். ஆகவே கடைசி மாசம் நமக்குள் நடந்த பேச்சை இங்கே தொடப்போவதில்லை. யாராவது கேட்டால், வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தார்கள், உங்களிடம் வேலையிலிருந்து நின்றுவிட்டேன் என்றுதான் சொல்லிவருகிறேன். நீங்களும் அதையேதான் சொல்கிறீர்களாம். நன்றி.

ஆடி வந்தாலே எனக்கு 2022 ஞாபகம்தான். முகூர்த்தம் இல்லாத மாசம், கல்யாணப் பெண் மேக்கப் ஒன்றுகூடக் கிடையாது, மூன்று நாற்காலியும் சும்மா கிடந்தன. அதுவரை ஆறு மாசம் நான் ஒரு தலையில் கத்திரி வைத்ததில்லை. துண்டு மடிக்கணும், முடியைக் கூட்டி அள்ளணும், தலை அலசிவிடணும். புருவம் எடுக்கும் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு என் கெண்டைக்கால் முடியைப் பிடுங்கிப் பழகினேன். சேரன்மகாதேவிக்கு ரயிலேறும்போது காலெல்லாம் திகுதிகு என்று எரியும். வெறும் கத்திரியைக் கையில் தந்து, மோதிர விரல் பக்கம் அசையாமல் கட்டைவிரலை மட்டும் திறந்து மூடச் சொல்வீர்கள். நூறு தடவை. டிவி பார்த்துக்கொண்டே எண்ணுவீர்கள், தப்பாக எண்ணுவீர்கள்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, நீங்களே நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். கொண்டையை அவிழ்த்ததும் இடுப்புக்குக் கீழே இறங்கியது. “யூ கட். நாலு விரல் எடு.” பின்னால் முடி நுனி U எழுத்து மாதிரி வளைந்து வரணும். நான் அப்படியே நின்றேன். “என்னட்டி யோசிக்கே? முடிதாம்லா.”

தண்ணீர் தெளித்து, நடு வகிடு எடுத்து, நாலு பாகமாகப் பிரித்துக் கிளிப் போட்டேன். இடது பக்கம் சரியாகத்தான் வந்தது. வலது பக்கம் உங்களுக்குக் கொஞ்சம் சுருள். ஈரத்தில் முடி நீளும், காய்ந்தால் மேலேறும், சுருளென்றால் இன்னும் ஏறும், அதனால் கொஞ்சம் கீழே விட்டு வெட்டணும் என்று அதே வாரம்தான் சொல்லித் தந்திருந்தீர்கள். விரலிடுக்கில் பிடித்தேன், பயத்தில் ரொம்பவே இழுத்துவிட்டேன். டிரையர் போட்டபோது வலது ஓரம் இரண்டு விரல் மேலே போய் நின்றது.

பின்னால் கைக்கண்ணாடியைக் காட்டச் சொன்னீர்கள். காட்டினேன். பார்த்தீர்கள். “நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டுக் கொண்டை போட்டுக்கொண்டீர்கள். அப்புறம் தீபாவளி நெருங்கும் வரை அந்தக் கொண்டையை நான் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

துண்டு கோணலாக மடித்ததற்கு, கஸ்டமர் முன்னாலேயே “நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு” என்று சொன்ன ஆள் நீங்கள். முடிக்கு மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்குத் திட்டித் தீர்த்திருந்தால் இன்று எனக்கு லேசாக இருந்திருக்கும்.

சரி, காசு விஷயம். வேலை கற்க 20,000 ரூபாய் கட்டினேன். அம்மாவின் கம்மல் அது. ஒன்றரை வருஷம் சம்பளம் கிடையாது. தொழில் பழகுநர் சட்டம் என்று 1961லேயே ஒன்று வந்திருக்கிறது. பழகுகிற ஆளுக்கு முதலாளிதான் மாசாமாசம் உதவித்தொகை தரணும். 2016இல் வந்த திட்டத்தில் அதில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே ஏற்றுக்கொண்டது. ஐடிஐயில் காஸ்மெட்டாலஜி படித்த பிள்ளை ஒருத்தி சொல்லித்தான் எனக்கே தெரியும். 30 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கிற இடத்துக்குத்தான் அது கட்டாயம், நம் மூன்று நாற்காலிக் கடைக்கு இல்லை என்பதும் தெரியும். உங்களுக்கும் யாரோ காசு வாங்கிக்கொண்டுதான் கற்றுத் தந்தார்கள். எல்லாம் தெரியும். ஆனாலும் கல்யாண ஆர்டருக்கு விடியற்காலை மூன்று மணிக்கு வந்து சேலை மடிப்பு எடுத்த பிள்ளைக்குப் பஸ் காசுதானா அக்கா?

இப்படி எழுதும்போதே நீங்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது கண்ணில் வருகிறது. முடி வெட்டும் வேலைக்கா பிள்ளையை அனுப்புவது என்று சொந்தக்காரர்கள் அப்பாவைக் குடைந்த நேரம். (ஆண் செய்தால் சாதிப் பெயர் சொல்லி வாசலில் நிறுத்திய ஊர்தான், ஏசி ரூமில் பெண் செய்தால் பியூட்டிஷியன் என்கிறது.) “ஆறு மாசம் விடுங்க அண்ணாச்சி, கை சரியில்லன்னா நானே கொண்டாந்து விட்டுருதேன்” என்றீர்கள். அப்பா அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை.

உங்கள் நோட்டிலிருந்து ஒரு கஸ்டமர் நம்பரும் நான் எடுக்கவில்லை. அவர்களாக வந்தால் கதவைச் சாத்தவும் மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கணும். தீபாவளிக்கு முந்தின வாரம் நீங்கள் தலை அவிழ்த்தபோது ஓரம் நூல் பிடித்த மாதிரி இருந்தது. நம் கடையில் யாரும் வெட்டவில்லை. வேறு பார்லரில் போய்க் காசு கொடுத்து உட்கார்ந்தீர்களா, இல்லை ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு இரண்டு கண்ணாடிக்கு நடுவே நீங்களே வெட்டிக்கொண்டீர்களா?

திறப்பன்று ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கும். வந்தால், காயவைத்துவிட்டுத்தான் வெட்டுவேன்.

உங்கள்
சேரன்மகாதேவிப் பிள்ளை