வெடிக்கு முன்பே வட்டி

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த லெபனான் கட்டுரையில் தலைநகர் பெயிரூட்டின் துறைமுக வெடிப்பு பற்றிய விவரங்கள் துல்லியம். பன்னிரண்டாம் எண் கிடங்கு, 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட், அதை ஏற்றி 2013இல் வந்து அங்கேயே நின்றுபோன ரோசஸ் கப்பல் எல்லாம் சரி. ஆனால் ‘2020 ஆகஸ்ட் 4 வெடிப்பில் நாட்டின் பொருளாதாரம் சரிந்தது’ என்ற வரி, தேதிகளை வரிசைப்படுத்தினாலே நிற்காது. வங்கிகள் கதவை இழுத்து மூடியது 2019 அக்டோபரில். 120 கோடி டாலர் கடன்பத்திரத் தவணையைக் கட்ட முடியாது என்று பிரதமர் ஹசன் தியாப் கைவிரித்தது 2020 மார்ச் 7. வெடிப்புக்கு முந்தைய மாதமே கள்ளச் சந்தையில் ஒரு டாலர் 8,000 லிராவை (லெபனான் நாணயம்) தாண்டியிருந்தது. அப்போதும் டாலருக்கு அரசு நிர்ணயித்த விலை 1,507.5 லிராதான்.

இந்த 1,507.5இல்தான் சூட்சுமம். 1997 டிசம்பர் முதல் 2023 ஜனவரி முடிய, இருபத்தைந்து ஆண்டுகள் அந்த விகிதம் அசையவில்லை. கோதுமை, பெட்ரோல், மருந்து என்று பெரும்பாலானவற்றை இறக்குமதி செய்யும் நாடு அது. அதற்கான டாலர், வெளிநாட்டில் வாழும் லெபனானியர் அனுப்பிய பணமாகவும் வளைகுடா முதலீடாகவும் சுற்றுலா வருமானமாகவும் வந்தது. 2011இல் பக்கத்து வீடான சிரியாவில் போர் மூண்டதும் வரத்து வற்றத் தொடங்கியது. விகிதத்தைத் தளர்த்தியிருக்க வேண்டிய நேரத்தில் மத்திய வங்கி ஆளுநர் ரியாத் சலாமே 2016இல் ‘நிதிப் பொறியியல்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார். பெயர்தான் பெரிது. வணிக வங்கிகள் தங்கள் டாலரை மத்திய வங்கியில் போட்டால் கொழுத்த ஆதாயம். அதற்காக வங்கிகள் பொதுமக்களிடம் கூடுதல் வட்டி காட்டி டாலர் திரட்டின. 2019இல் டாலர் வைப்புக்கே சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் வட்டி. வந்த டாலரோ லிராவின் விலையைத் தாங்கிப் பிடிப்பதிலும் இறக்குமதியிலும் கரைந்துகொண்டிருந்தது. பழைய வைப்பாளருக்கான வட்டி, புது வைப்பாளரின் முதலிலிருந்து. கடைசியில் வங்கிகளின் சொத்தில் பாதிக்கு மேல் மத்திய வங்கியில் கிடந்தது, கணக்கேட்டில் மட்டும்.

சரிந்த பிறகு நடந்ததைக் கட்டுரை இரண்டே வரியில் கடந்துவிட்டது. உண்மையில் அங்கேதான் மக்களின் பணம் போனது. டாலரைக் கட்டுப்படுத்த முறையான சட்டம் எதுவும் நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை. ஒவ்வொரு வங்கியும் தன் இஷ்டத்துக்கு வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலில் மத்திய வங்கி 151ஆம் எண் சுற்றறிக்கை வெளியிட்டது. டாலர் கணக்கிலிருந்து லிராவாக எடுக்கலாம், ஆனால் மத்திய வங்கி சொல்லும் விகிதத்தில். அது முதலில் 3,000, பிறகு 3,900. 2021 ஆகஸ்டில் சந்தை விலை 20,000ஐ ஒட்டி இருந்தது. அன்று 100 டாலர் எடுத்தவர் கையில் 3,90,000 லிரா. அதைச் சந்தையில் மாற்றினால் பத்தொன்பதரை டாலர். வங்கியில் சிறைப்பட்ட இந்தப் பழைய டாலருக்கு ‘லொல்லார்’ என்றும், புதிதாக வந்த டாலருக்கு ‘ஃப்ரெஷ் டாலர்’ என்றும் பெயர் புழங்கியது. மறுபக்கத்தையும் பாருங்கள். டாலரில் வீட்டுக்கடன் வாங்கிய உள்நாட்டினர் 1,507.5 விகிதத்தில் லிராவாகக் கட்ட அனுமதி இருந்தது. ஒரு லட்சம் டாலர் பாக்கி வைத்திருந்தவர், அதே ஆகஸ்டில் ஏறத்தாழ 7,500 டாலரை மாற்றிக் கடனை முடித்துவிடலாம். சேமித்தவன் அழிந்தான், கடனாளி தப்பினான்.

எரிபொருள் மானியமும் இதே தவறுதான். இறக்குமதிக்கான டாலரில் 85 சதவீதத்தை மத்திய வங்கி அரசு விலைக்கே கொடுத்தது. விளைவு, மலிவு பெட்ரோல் எல்லை தாண்டி சிரியாவுக்குப் போனது. உள்ளூரில் பம்புகளின் முன் வரிசை. 2021 அக்டோபர் 9 அன்று தெய்ர் அம்மார், ஸஹ்ரானி மின்நிலையங்கள் எண்ணெயின்றி நிற்க, நாடே இருண்டது.

சிரியாவைத் தனிக்கதையாக எழுதியிருப்பதும் பொருந்தவில்லை. பிரெஞ்சு ஆட்சியில் இரு நாடுகளுக்கும் நோட்டு அச்சடித்தது ஒரே வங்கி. 1948 ஜனவரியில் லெபனான் பிரான்சுடன் நாணய ஒப்பந்தம் செய்தது, சிரியா மறுத்தது. 1950 மார்ச்சில் இரு நாடுகளின் சுங்க ஒன்றியமும் உடைந்தது: சிரியத் தலைநகர் டமாஸ்கஸ் தன் தொழில்களுக்குக் காப்பு வரி கேட்டது, பெயிரூட் வணிகர்கள் திறந்த சந்தை கேட்டார்கள். 1956இல் லெபனான் வங்கி இரகசியச் சட்டம் (வாடிக்கையாளர் கணக்கு விவரத்தை வெளியே சொல்லக் கூடாது) இயற்றியது. சிரியாவில் தொழில்களும் வங்கிகளும் நாட்டுடைமையானபோது அங்கிருந்து தப்பிய பணத்துக்குப் பெயிரூட்தான் பெட்டகம். அந்தப் பழக்கம் பொருளாதாரத் தடைக் காலத்திலும் தொடர்ந்தது. சிரிய வணிகர்கள் இறக்குமதிக்கு லெபனான் வங்கிகளையே நம்பினார்கள். பெட்டகம் பூட்டிக்கொண்டதும் சிரிய பவுண்டும் சேர்ந்து விழுந்தது. 2011இன் தொடக்கத்தில் டாலருக்குச் சுமார் 47ஆக இருந்தது, 2020 ஜூனில் 3,000ஐத் தொட்டது. லெபனானில் சிக்கிய சிரியப் பணம் 2,000 கோடி முதல் 4,200 கோடி டாலர் வரை இருக்கும் என்று அன்றைய சிரிய அதிபர் அசாத் சொன்னார். 4,200 கோடி என்ற மேல் கணக்கை நான் நம்பமாட்டேன். தன் நிர்வாகத்தின் மீதிருந்த பழியை அண்டை வீட்டில் இறக்கிவைக்க அவருக்கு அது வசதியாக இருந்தது.

‘தங்கத்தை விற்றிருக்கலாமே’ என்று கட்டுரையாளர் கேட்கிறார். சுமார் 286 டன் இருப்பது உண்மை. ஆனால் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றாமல் அதில் கைவைக்க முடியாது.

கடைசியாக ஒரு திருத்தம். ‘குறைந்தபட்ச ஊதியம் 6,75,000 லிரா, அதாவது 450 டாலர்’ என்று அச்சாகியிருக்கிறது. அது 2012இல் நிர்ணயித்தபோது சரி. 2021 ஆகஸ்டிலும் ஊதியம் அதே 6,75,000 தான். சந்தை விலையில் அது 34 டாலர். லெபனான் புள்ளிவிவரம் எதையும் வெளியிடும்போது எந்த மாதம், எந்த விகிதம் என்பதையும் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை